கம்பெனியின் வட்டாரத் தூதர்

பணத்துக்கு எல்லையே கிடையாது என்று சொல்லிக்கொண்டுதான் அந்தக் கம்பெனி வந்தது. விளம்பரத்தில் ஒரு வெள்ளைப் பறவை கடல்மேல் பறந்துகொண்டே இருக்கும், எங்கேயும் உட்காராது. கீழே "எல்லைகளற்ற பணம், எல்லோருக்கும் செல்வம்" என்று எழுத்து ஓடும். கம்பெனி மூழ்கிய பிறகுதான் உலகத்தில் எத்தனை எல்லைகள் இருக்கின்றன என்பதும், ஒவ்வொரு எல்லையிலும் எத்தனை பேர் மேசை போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதும் லாண்டரிக்காரருக்குத் தெரியவந்தது.

லாண்டரிக்காரர் நல்ல மனிதர். சட்டைப் பையில் யாராவது பேருந்துச் சீட்டை மறந்துவிட்டால் அதைக்கூடச் சின்ன உறையில் போட்டுத் துணியோடு திருப்பித் தருவார். கடை முழுக்க நீராவி வாசனை. நடுவில் அவருடைய ஸ்டீம் பிரஸ், கடன் வாங்கி வாங்கியது, கடனும் அடைத்தாகிவிட்டது. மேசைக்குப் பின்னால் "சாயம் போனால், பட்டன் உடைந்தால் நிர்வாகம் பொறுப்பல்ல" என்று ஒரு பலகை தொங்கும். நிர்வாகம் என்பது அவர்தான். பட்டன் உடைந்தால் யாரும் கேட்பதற்கு முன்பே அவரே தைத்துக் கொடுத்துவிடுவார். பலகை சும்மா ஒரு கெத்துக்கு.

இப்படிப்பட்டவர் கிரிப்டோவில் போய் விழுந்தது ஒரு கோட்டினால். வாராவாரம் கோட்டு வெளுக்கப் போடும் வாடிக்கையாளர் ஒருவர் இருந்தார். கம்பெனியைப் பற்றி முதலில் சொன்னவர் அவர். அவ்வளவு நல்ல துணியில், அவ்வளவு நேரான தையலில், உள்புறமும் பட்டு வைத்துக் கோட்டுத் தைத்திருப்பவர் பொய் சொல்லமாட்டார் என்பது லாண்டரிக்காரர் தம் தொழில் அனுபவத்தில் எடுத்த முடிவு. கிரிப்டோ நாணயம் என்றால் என்னவென்று அவருக்குத் தெரியாது. கோட்டுக்காரருக்கும் தெரியாது. விலை ஏறுகிறது என்பது மட்டும் இருவருக்கும் தெரியும். அதற்குமேல் தெரிந்துகொண்டவர்கள் யாரும் அதில் பணம் போடவில்லை.

தம் பணத்தைப் போட்டதோடு நின்றிருந்தால் இந்தக் கதையே இல்லை. மாடியில் குடியிருக்கும் அக்காவையும் சேர்த்துவிட்டார். அக்கா ஆஸ்பத்திரியில் நர்ஸ். பல வருஷமாக நைட் டூட்டி. மற்றவர்கள் தூங்கும் நேரத்தில் தானும் தூங்கவேண்டும் என்பதைத் தவிர அவளுக்கு வாழ்க்கையில் வேறு பேராசை கிடையாது. வேலையை விட்டுவிட்டுச் சின்னதாக ஒரு மருந்துக் கடை போடுவதற்கென்று சிறுகச் சிறுகச் சேர்த்து வைத்திருந்தாள்.

"பாங்க்ல போட்டா பணம் தூங்கும்க்கா. இங்க போட்டா ஓடும்" என்றார் தம்பி.

சொன்னபடியே ஓடிவிட்டது.

அக்கா சேர்ந்த அன்று லாண்டரிக்காரரின் போன் திரையில் வண்ணக் காகிதங்கள் கொட்டின. தாரை தப்பட்டையெல்லாம் கேட்டது. "வாழ்த்துகள்! ஒருவரை இணைத்ததன் மூலம் நீங்கள் எங்கள் வட்டாரத் தூதர் ஆகிறீர்கள். உங்கள் அலுவலக முகவரியைத் தரவும்" என்று செய்தி வந்தது. வாழ்க்கையில் அவருக்கு முதன்முதலாகக் கிடைத்த பதவி அது. லாண்டரி முகவரியைப் போட்டார். சான்றிதழ் வந்தது. அதை லேமினேட் செய்து, "பொறுப்பல்ல" பலகைக்குப் பக்கத்தில் மாட்டினார். இரண்டும் ஒரே அளவு; பார்க்க ஜோடியாக இருந்தன.

பிறகு ஒருநாள் காலையில் செயலியைத் திறந்தால் "சிறு பராமரிப்புப் பணி நடைபெறுகிறது" என்றது. மறுநாளும் அதையே சொன்னது. அடுத்த வாரம் கம்பெனியின் நிறுவனர், அரைக்கால் சட்டை போட்ட இளைஞர், ஒரு கப்பலின் மேல்தளத்திலிருந்து எல்லோருக்கும் செய்தி அனுப்பினார்: "இந்தப் பயணத்தில் நாம் எல்லோரும் நிறையக் கற்றுக்கொண்டோம்." கற்றுக்கொண்டவர்கள் லட்சக்கணக்கில் இருந்தார்கள். கற்பித்த கட்டணத்தை அவர் முன்கூட்டியே எடுத்துக்கொண்டிருந்தார்.

அக்கா கத்தியிருந்தால் லாண்டரிக்காரர் தாங்கியிருப்பார். இரண்டு சாத்தியிருந்தாலும் வாங்கிக்கொண்டிருப்பார். அவள் ஒன்றும் சொல்லவில்லை. தம்பியோடு பேசுவதை நிறுத்திக்கொண்டாள், அவ்வளவுதான். ஆனால் ஒரே கட்டடம், ஒரே தண்ணீர்த் தொட்டி, ஒரே மோட்டார். பேசாமல் எப்படி நடக்கும்? அத்தான் வழியாக நடந்தது. அத்தான் பஸ் கண்டக்டர். இந்தப் பக்கம் வாங்கி அந்தப் பக்கம் கொடுப்பது அவருக்குக் கைவந்த கலை.

"என்னங்க, தொட்டி நிரம்பிடுச்சு, மோட்டாரை நிறுத்தச் சொல்லுங்க" என்பாள் அக்கா.

"மச்சான், மோட்டாரை நிறுத்தணுமாம்" என்பார் அத்தான்.

"நிறுத்திட்டேன்னு சொல்லுங்க, அத்தான்."

"நிறுத்திட்டானாம்."

மூன்று பேரும் ஒரே மாடிப்படியில்தான் நின்றுகொண்டிருப்பார்கள்.

சாயங்காலம் அக்கா வெள்ளை யூனிபாரத்தில் படியிறங்கி, கடை வாசலைத் தாண்டி டூட்டிக்குப் போவாள். அந்த நேரம் பார்த்து லாண்டரிக்காரருக்கு ஏதாவது ஒரு காலரில் மிகவும் சிக்கலான சுருக்கம் வந்துவிடும். குனிந்துகொள்வார். அவள் செருப்புச் சத்தம் தெருமுனையில் தேயும்வரை நிமிரமாட்டார். எப்படியாவது அந்தப் பணத்தைப் பிடுங்கி அவள் கையில் கொடுத்து, ஒரு தடவை "டேய்" என்று அவள் வாயால் கேட்டுவிடவேண்டும். அவருக்கு வேறொன்றும் வேண்டியிருக்கவில்லை.

இதற்கென்றே ஓர் இடம் இருப்பதாகக் கேள்விப்பட்டுப் போனார். எல்லை கடந்த மின்நாணயப் பொறுப்பு நிர்ணயக் கூட்டு ஆணையம். பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் நாக்கு வறண்டுவிடும் என்பதால் வரவேற்பு மேசையிலேயே தண்ணீர் வைத்திருந்தார்கள். ஏழு நாடுகள் சேர்ந்து நடத்தும் ஆணையம். கூடத்தில் ஏழு கடிகாரங்கள் ஏழு நேரம் காட்டின. எந்த நேரத்தில் போனாலும் ஏதாவது ஒரு கடிகாரத்தில் சாப்பாட்டு இடைவேளை நடந்துகொண்டிருக்கும். அந்த நாட்டை மதிக்கும்விதமாக எல்லோரும் எழுந்து போய்விடுவார்கள். லாண்டரிக்காரர் கூடத்து நாற்காலியில் பல நாடுகளின் மதியங்களைக் கழித்தார்.

கடைசியில் விசாரணை அதிகாரி அவரை அழைத்தார். சுவரில் பெரிய உலகப் படம். அதில் வண்ண வண்ணக் குண்டூசிகள்.

"உங்க கம்பெனி எங்க இருக்குன்னு பார்க்கறீங்களா?" என்று பெருமையாகக் கேட்டார் அதிகாரி. "பதிவு பண்ணினது இந்தத் தீவுல. கம்ப்யூட்டர் எல்லாம் இந்தக் குளிர் நாட்டுல. கணக்குப் பார்க்கறவங்க இங்க. வக்கீல்கள் இங்க, இங்க, அப்புறம் இங்கயும். நிறுவனர் கப்பல்ல, அதனால அவருக்கு மட்டும் ஊசியை நாங்க தினம் மாத்திக் குத்தறோம்."

"அப்போ அந்தத் தீவுல போய்க் கேட்கலாமே சார்?"

"கேட்கலாம். ஆனா அது தாழ்வான தீவு. கடல் ஏறும்போது முழுகிடும். முழுகியிருக்கற நேரத்துல அது நாடு இல்லைங்கறது அவங்க சட்டம். கடல் இறங்கினதும் அலுவலகத்தைத் திறக்கறாங்க. காகிதத்தைக் காயவைக்கறதுக்குள்ள மறுபடி ஏறிடுது."

"குளிர் நாட்டுல?"

"கம்ப்யூட்டர் இருக்குதுன்னு ஒத்துக்கறாங்க. ஆனா கம்ப்யூட்டருக்குப் பொறுப்பு கிடையாது, அது சொன்னதைத்தான் செய்யும்னு எழுத்துமூலமாச் சொல்லிட்டாங்க."

"யார் சொன்னதை சார்?"

"அதைக் கேட்க வேண்டியது தீவு அரசாங்கத்துக்கிட்ட."

அதிகாரி புகாரை வாங்கிக்கொண்டார். கம்பெனிக்கு நோட்டீஸ் அனுப்பவேண்டும் என்றால் இந்த நாட்டில் கம்பெனிக்கு ஒரு பிரதிநிதி இருக்கவேண்டும், இதுவரை எந்த வழக்கிலும் அப்படி ஒருவரைக் கண்டுபிடிக்க முடிந்ததில்லை, ஆனாலும் ஆணையம் தேடலைக் கைவிடாது என்று எழுந்து நின்று கைகுலுக்கினார். லாண்டரிக்காரருக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. வீட்டுக்கு வந்து, "அரசாங்கம் தேட ஆரம்பிச்சுட்டாங்கன்னு அக்காகிட்ட சொல்லுங்க அத்தான்" என்றார்.

ஆணையம் உண்மையாகவே தேடியது. அடுத்த மாதம் பதிவுத் தபாலில் ஒரு தடித்த உறை லாண்டரிக்கு வந்தது. பிரித்துப் படித்தார். கம்பெனியினால் ஏமாற்றப்பட்ட ஓர் அப்பாவி மனிதரின் புகார் அது. படிக்கப் படிக்க மனசு இளகியது. பாவம், நம்மைப் போலவே இன்னொருத்தர் என்று நினைத்துக்கொண்டே கடைசிப் பக்கத்துக்கு வந்தால் கீழே அவருடைய கையெழுத்தே இருந்தது. உறையின்மேல் முகவரி: "பிரதிநிதி மற்றும் வட்டாரத் தூதர் அவர்கள், கம்பெனியின் அலுவலகம்."

உறையைத் தூக்கிக்கொண்டு ஓடினார்.

"சார், என் புகாரை எனக்கே அனுப்பியிருக்கீங்க."

"கிடைச்சுடுச்சா?" அதிகாரியின் முகம் மலர்ந்தது. "பாருங்க எவ்வளவு வேகம்! எத்தனை வருஷமா நோட்டீஸ் அனுப்பறோம், ஒருத்தர்கூட வாங்கினதில்ல. நீங்கதான் முதல் ஆள். எல்லா நாட்டுக்கும் தகவல் கொடுத்தாச்சு."

"நான் ஏமாந்தவன் சார். ஏமாத்தினவன் இல்ல."

"அதை நீங்க பதில் மனுவுல சொல்லுங்க. சொன்னதும் உங்களுக்கு ஒரு நகல் அனுப்புவோம். நீங்க அதை மறுக்கணும்னா மறுக்கலாம். எங்க நடைமுறையில யாருக்கும் வாய்ப்பு இல்லைன்னு சொல்லவே முடியாது."

விசாரணை நாளும் வந்தது. பெரிய மண்டபம். ஏழு நாடுகளின் உறுப்பினர்களும் ஏழு திரைகளில் தோன்றினார்கள். ஒருவருக்கு விடிந்துகொண்டிருந்தது, ஒருவருக்கு அஸ்தமித்துக்கொண்டிருந்தது, ஒருவர் தலையணையோடு இருந்தார். முதலில் ஏழு பேரும் ஒருவருக்கொருவர் வணக்கம் சொல்லிக்கொண்டார்கள். ஒவ்வொரு வணக்கமும் மொழிபெயர்க்கப்பட்டது. மொழிபெயர்ப்பாளர்களுக்கு வணக்கம் சொன்னார்கள், அதையும் மொழிபெயர்த்தார்கள். இது முடிந்தபோது ஒரு கடிகாரத்தில் சாப்பாட்டு இடைவேளை வந்துவிட்டது.

இடைவேளைக்குப் பிறகு ஆணையத்தின் தலைவர் பேசினார். நல்ல கணீர்க் குரல்.

"பொறுப்பு என்பது மிகப் பெரிய பாரம். தனியாக ஒரு நாடு அதைச் சுமக்க முடியாது. ஆகவேதான் ஏழு நாடுகள் சேர்ந்து அதைப் பகிர்ந்துகொள்ள முடிவு செய்தோம். பகிர்ந்த பிறகு தத்தம் பங்கை எடுத்துப் பார்த்தபோது, யாருடைய கையிலும் ஒன்றும் இல்லை. கூட்டு முயற்சி எவ்வளவு பாரத்தையும் இலகுவாக்கும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா? இத்தனை ஆண்டுகளில் நம் ஏழு நாடுகளுக்கிடையே ஒரு கருத்து வேறுபாடுகூட எழுந்ததில்லை. ஏனெனில் நாம் இதுவரை எந்த முடிவும் எடுத்ததில்லை."

பலத்த கைதட்டல். தலையணை உறுப்பினர் திடுக்கிட்டு விழித்து அவரும் தட்டினார்.

மண்டபத்தின் நடுவில் இரண்டு நாற்காலிகள் இருந்தன. ஒன்றில் "மனுதாரர்", மற்றதில் "எதிர்மனுதாரர்". லாண்டரிக்காரர் முதல் நாற்காலியில் உட்கார்ந்து, அக்காவின் பணத்தைப் பற்றிச் சொன்னார். அவள் எத்தனை வருஷம் கண்விழித்துச் சேர்த்தது என்று சொல்லும்போது குரல் உடைந்துவிட்டது. தலைவருக்கே கண் கலங்கியது.

"எதிர்மனுதாரர் இதற்கு என்ன சொல்கிறார்?" என்று கோபமாகக் கேட்டார் தலைவர்.

அந்த நாற்காலி காலியாக இருந்தது. விசாரணை அதிகாரி ஜாடை காட்டினார். லாண்டரிக்காரர் எழுந்து அடுத்த நாற்காலிக்குப் போனார்.

"சொல்றது எல்லாம் உண்மைதாங்க" என்றார்.

"அங்க உட்கார்ந்துகிட்டு அவருக்குச் சாதகமாப் பேசக் கூடாது" என்று அதிகாரி காதோடு சொன்னார். "உங்க தரப்பு பலவீனமாயிடும்."

நான்காவது திரை உறுப்பினர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். "இரு தரப்பினரின் முகவரியும் ஒன்றாக இருக்கிறது. குரலும் ஒத்துப்போகிறது. இவர்களுக்கிடையே இரகசிய உடன்பாடு ஏதேனும் உண்டா என்று விசாரிக்கவேண்டும்." மற்ற ஆறு பேரும் அதை ஆழமான கருத்து என்று பாராட்டினார்கள். அதை ஆராய ஒரு துணைக்குழு அங்கேயே அமைக்கப்பட்டது.

பிறகு எட்டாவது திரை ஒளிர்ந்தது. நீலக் கடல், மேலே நீல வானம், நடுவில் அரைக்கால் சட்டை. லாண்டரிக்காரர் நாற்காலியைவிட்டு எழுந்தேவிட்டார்.

"சார், இவர்தான்! இவர்தான் சார் கம்பெனிக்காரர்!"

"தெரியும், உட்காருங்கள்" என்றார் தலைவர். "அவர் ஆணையத்தின் சிறப்பு ஆலோசகர். இந்தக் கம்பெனி எப்படி மூழ்கியது என்பதில் அவரைவிட அனுபவம் உள்ளவர் உலகத்தில் யாரும் இல்லை. மிகுந்த சிரமப்பட்டுத்தான், நல்ல ஊதியம் கொடுத்து, அவரைச் சம்மதிக்கவைத்தோம்."

நிறுவனர் கையை நெஞ்சில் வைத்துக்கொண்டார்.

"உங்க எல்லாரையும்விட அதிகமாப் பாதிக்கப்பட்டவன் நான்தான். நீங்க இழந்தது வெறும் பணம். நான் இழந்தது வாடிக்கையாளர்களை. அவங்க நம்பிக்கையை. அது எனக்கு எவ்வளவு லாபகரமான உறவுன்னு எனக்குத்தான் தெரியும். கம்பெனியை நான் நடத்தலை. அது ஒரு மென்பொருள், தன்னைத்தானே நடத்திக்கிச்சு. லாபம் வந்தப்போ மட்டும் எங்கிட்ட கொண்டுவந்து கொடுத்துச்சு."

"எங்க பணம் எங்க போச்சு?" என்றார் லாண்டரிக்காரர்.

"பணம் எங்கயும் போகலை" என்றார் நிறுவனர் கனிவாக. "அது எங்கயும் இருந்ததே இல்லை. இல்லாத ஒண்ணைத் தொலைச்சதா என்மேல பழி போடறது நியாயமா?"

ஏழு உறுப்பினர்களும் இதைக் குறித்துக்கொண்டார்கள். இப்போது எந்தக் கடலில் இருக்கிறீர்கள் என்று ஒருவர் கேட்டார். எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாத கடலில் என்று பதில் வந்தது. அங்கே காற்று எப்படி இருக்கிறது என்று தலைவர் அக்கறையாக விசாரித்தார். நன்றாக இருக்கிறதாம்.

முடிவில் தலைவர் எழுந்து நின்றார். ஆணையத்தின் வரலாற்றிலேயே, அழைத்தவுடன் நேரில் வந்த முதல் பொறுப்பாளர் இவர்தான் என்று லாண்டரிக்காரரைச் சுட்டிக்காட்டினார். மண்டபமே எழுந்து நின்று கைதட்டியது. யாரோ சால்வை தேடினார்கள், கிடைக்கவில்லை. இப்படிப்பட்ட ஒருவர் தப்பி ஓடிவிட்டால் ஆணையத்தின் கதி என்ன என்ற கவலை அடுத்ததாக எழுந்தது. உடனே அவர் பாஸ்போர்ட்டை ஒப்படைக்கவேண்டும் என்று உத்தரவாயிற்று.

"எங்கிட்ட பாஸ்போர்ட்டே இல்லைங்க. நான் எங்கயும் போனதில்ல."

"உத்தரவுன்னா உத்தரவு" என்றார் அதிகாரி. "விண்ணப்பம் போட்டு எடுத்துட்டு வந்து ஒப்படைச்சுடுங்க."

பாஸ்போர்ட் அலுவலகத்தில் எந்த நாட்டுக்குப் போகப் போகிறீர்கள் என்று கேட்டார்கள். எங்கும் போகாமல் இருப்பதற்காக வேண்டும் என்றார். அங்கே இருந்தவர் நல்ல மனிதர், சிரிக்காமல் எழுதிக்கொண்டார். பாஸ்போர்ட் வந்த அன்றைக்கே அதைக் கொண்டுபோய் ஒப்படைத்தார். அதிகாரி ரசீது கொடுத்தார். அதில் "தப்பியோட வசதி பெற்றிருந்தவர்" என்று இருந்தது.

கடையில் வியாபாரம் படுத்துவிட்டது. தூதர் சான்றிதழை எப்போதோ கழற்றிப் பரணில் போட்டிருந்தார். ஆனாலும் ஊருக்குத் தெரிந்துவிட்டது. கம்பெனியின் ஆள் கடையில் துணி போட்டால் சட்டையும் மூழ்கிவிடும் என்று தெருவில் ஒருவர் சொல்ல, எல்லோரும் அதை ரசித்துத் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். முதல்முதலாக அதைச் சொன்னவர் கோட்டுக்காரர் என்று பின்னால் தெரிந்தது.

ஒருநாள் காலையில், கடை திறந்த கொஞ்ச நேரத்தில், விசாரணை அதிகாரி நான்கு பேரோடு வந்து இறங்கினார். கையில் அரக்கு, நூல், முத்திரை. சொத்து முடக்கம். கடையில் சொத்து என்று சொல்லக்கூடியது ஸ்டீம் பிரஸ் ஒன்றுதான்.

"போன வாரம் நானும் ஒரு கோட்டு வெளுக்கப் போட்டேனே, முதல்ல அதைக் குடுத்துடுங்க" என்றார் அதிகாரி. "சீல் வெச்ச பிறகு எடுத்தா சாட்சியத்தைக் கலைச்ச மாதிரி ஆயிடும்."

லாண்டரிக்காரர் கோட்டை மடிப்புக் கலையாமல் எடுத்துக் கொடுத்தார்.

"கூலி சார்?"

"உங்க வரவு செலவு எல்லாம் முடக்கியாச்சே. இப்போ உங்களுக்குக் காசு கொடுத்தா அது சட்டவிரோதம். எனக்கு வேலை போயிடும்."

சுவரில் இருந்த "பொறுப்பல்ல" பலகையை ஓர் அலுவலர் நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். "ரொம்பத் தெளிவா எழுதியிருக்கு. இதை யார் வரைஞ்சு கொடுத்தாங்க?" என்று கேட்டுப் படம் எடுத்துக்கொண்டார். ஆணையத்துக்கும் இப்படி ஒரு பலகை தேவைப்படுகிறதாம்.

பிரஸ்ஸைச் சுற்றி நூல் கட்டிக்கொண்டிருக்கும்போது அக்கா டூட்டி முடிந்து வந்துவிட்டாள். கண்கள் சிவந்திருந்தன. தெரு பாதி வாசலில் கூடியிருந்தது. அத்தான் கண்டக்டர் பையோடு வேலைக்குக் கிளம்பி வந்தவர், அப்படியே படியில் நின்றுவிட்டார்.

அதிகாரி காகிதத்தை விரித்து உரக்கப் படித்தார். "வட்டாரத் தூதர் என்ற பொறுப்பில் இந்த நபர் ஒரு முதலீட்டாளரைக் கம்பெனியில் இணைத்து, அன்னாருக்கு நஷ்டம் ஏற்படுத்தியதால்..."

"அந்த அன்னார் நான்தான்" என்றாள் அக்கா.

அதிகாரிக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். "அடடா, உங்களைத்தான் தேடிக்கிட்டிருந்தோம்! உங்க தம்பிமேல நீங்க ஒரு புகார் எழுதிக் கொடுத்தா வழக்கு கெட்டியா நிக்கும். இந்த மெஷினை ஏலம் விடுவோம். ஏழு நாட்டுச் செலவு போக மிச்சம் உங்களுக்குத்தான்."

அக்கா அத்தான் பக்கம் திரும்பினாள். "என்னங்க, அவர்கிட்ட கேளுங்க. நான் எழுதிக் குடுத்தா அந்தக் கப்பல்காரனைப் பிடிப்பாங்களாமா?"

"கப்பல்காரனைப் பிடிப்பீங்களான்னு கேட்கறா" என்றார் அத்தான்.

"அவரையா? அவர் எங்க ஆலோசகராச்சே. அவரைப் பிடிச்சுட்டா எங்களுக்கு யார் ஆலோசனை சொல்வாங்க?"

"எழுதிக் குடுக்கலைன்னா?"

"எழுதிக் குடுக்கலைன்னான்னு..."

"காதுல விழுந்துச்சு" என்றார் அதிகாரி. "நீங்க நஷ்டம்னு சொல்லலைன்னா இவர் யாரையும் சேர்க்கலைன்னு ஆயிடும். சேர்க்காதவர் தூதர் இல்ல. தூதர் இல்லைன்னா இந்த நாட்டுல கம்பெனிக்கு ஆளே இல்ல. ஆளே இல்லாத கம்பெனிமேல வழக்கு ஓடாது. இவர் குடுத்த புகாரும் அதோட முடிஞ்சுது. உங்க பணத்துக்கு ஒரு காசு வராது, இன்னைக்கும் வராது, என்னைக்கும் வராது. நல்லா யோசிச்சுச் சொல்லுங்கம்மா. கையெழுத்து இந்த இடத்துல."

அக்கா காகிதத்தைக் கையில் வாங்கிக்கொண்டாள்.

லாண்டரிக்காரரால் பொறுக்க முடியவில்லை. "அத்தான், அக்காவைக் கையெழுத்துப் போடச் சொல்லுங்க. மெஷின் போனாப் போகட்டும். நான் கையால இஸ்திரி போட்டுக்கறேன். ஏதோ கொஞ்சமாவது அவ கைக்கு வரட்டும். சொல்லுங்க அத்தான்."

அத்தான் வாயைத் திறந்தார். அக்கா கையைக் காட்டினாள். அத்தான் மூடிக்கொண்டார்.

அவள் பிரஸ்ஸைப் பார்த்தாள். அதைச் சுற்றிக் கட்டியிருந்த நூலைப் பார்த்தாள். பிறகு காகிதத்தை வந்த மடிப்பிலேயே மடித்து அதிகாரியிடம் நீட்டினாள்.

"எனக்கு யார்மேலயும் புகார் இல்ல. நூலை அவுத்துட்டுக் கிளம்புங்க."

அதிகாரி ஒரு நொடிகூட வருத்தப்படவில்லை. ஓரமாகப் போய்த் தலைவருக்குப் போன் செய்தார். போனில் கைதட்டல் கேட்டது. எல்லை கடந்த வழக்கு ஒன்று ஒரு தரப்புக்கும் மனக்கசப்பில்லாமல் முடிவுக்கு வருவது ஆணையத்தின் வரலாற்றில் இதுவே முதல்முறையாம். ஆண்டறிக்கையின் அட்டையிலேயே போடப்போகிறார்களாம். எல்லோரையும் வரிசையாக நிற்கவைத்து ஒரு படம் எடுத்துக்கொண்டார்கள். பாஸ்போர்ட்டைத் திரும்பப் பெறத் தனியாக விண்ணப்பிக்கலாம் என்று சொல்லிவிட்டு வண்டியேறினார்கள். கப்பலில் இருப்பவர் அடுத்த மாதம் புதுக் கம்பெனி ஒன்று தொடங்குகிறார், பொறுப்புணர்வு பற்றியது, என்று போகிற போக்கில் ஓர் அலுவலர் சொல்லிவிட்டுப் போனார்.

தெரு கலைந்தது. அத்தானுக்குப் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. ஆனாலும், ஏதாவது சொல்லியனுப்ப வேண்டியிருக்குமே என்று நின்றார்.

"அத்தான்" என்றார் லாண்டரிக்காரர் தரையைப் பார்த்துக்கொண்டு, "அக்காகிட்ட சொல்லுங்க..."

"டேய்."

லாண்டரிக்காரர் நிமிர்ந்தார்.

"அங்க என்னடா அவரைப் பார்க்கற? என்னைப் பாரு. ஏழு நாட்டுக்காரன் கேட்டான்னு நாற்காலி மாறி மாறி உட்கார்ந்தியாமே, என் முன்னால வந்து ஒரு நிமிஷம் நிக்க முடியலையா உனக்கு? நான் போற நேரம் பார்த்துக் குனிஞ்சுக்குவ, இல்ல? அந்தத் தீவு எங்க இருக்குன்னு எனக்குத் தெரியுமா? கப்பல்ல இருக்கறவன் மூஞ்சி எனக்குத் தெரியுமா? உன் மூஞ்சியைப் பார்த்துத்தானேடா பணத்தைக் குடுத்தேன்?"

அவள் இன்னும் நிறையச் சொன்னாள். பக்கத்துக் கடைக்காரர்கள் வெளியே வந்து கேட்கும் அளவுக்குச் சொன்னாள். புகார் கொடுத்த நாளிலிருந்து இன்றுவரை அவரிடம் இத்தனை பேர் இத்தனை மொழியில் பேசியிருக்கிறார்கள். முகத்தைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டவள் இவள் ஒருத்திதான். லாண்டரிக்காரருக்குக் கண்ணீர் வந்துவிட்டது. துடைத்துக்கொள்ளாமல் நின்றார்.

"ஆமாக்கா" என்றார். "நான்தான்."

"அத்தானுக்கு நேரமாச்சு, அவரை அனுப்பு" என்றாள் அக்கா. "நான் இன்னும் முடிக்கலை."